சொந்தக் காலுக்கு ஒரு பாறையேற்றக் காலணி: அச்சு முதல் ரப்பர் வரை

பாறையேற்றக் காலணியைக் கடையில் வாங்கியவர்கள் அனைவரும் அறிந்த சங்கடம் ஒன்று உண்டு. பெருவிரலுக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் குதிகாலில் காற்று தங்கிவிடும். குதிகாலைக் கவ்விப் பிடிக்கும் அளவை எடுத்தால் சுண்டுவிரல் பக்கம் உயிர் போகும். ஐரோப்பிய அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு 6.67 மில்லிமீட்டர், அரை எண் என்றால் அதில் பாதி. முன்பாதத்தின் சுற்றளவு, புறங்காலின் உயரம், குதிகாலின் அகலம் ஆகியவற்றைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. சிறுவயதில் வெறுங்காலோடு அலைந்ததால் முன்பாதம் விரிந்தும், குதிகால் ஒடுங்கியும் அமைந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு, அச்சிலிருந்து, அதாவது காலணியை எதன்மேல் வைத்து உருவாக்குகிறோமோ அந்தக் கால்வடிவக் கட்டையிலிருந்து, தொடங்கிச் சொந்தமாக ஒரு ஜோடியைச் செய்துகொள்வது வீண் வேலையன்று. ஒரு ஜோடிக்கு எனக்கு ஏறத்தாழ மூன்று வார மாலைப்பொழுதுகள் ஆகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் அச்சுக்கே போய்விடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலணி எந்தப் பாறைக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பதாமியின் மணற்கல் சுவர்களில் உள்ளதைப் போன்ற சிறு விளிம்புகளில் நிற்பதற்கு விறைப்பான நடுத்தட்டு, அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவே வைக்கும் தகடு, தேவை. ஹம்பியின் உருண்டைக் கருங்கற்களில் விளிம்பே இல்லாமல் முன்பாதம் முழுவதையும் அப்பி ஏறுவதற்கு மென்மையான காலணியே உதவும். முன்னோக்கிச் சாய்ந்த பாறைகளுக்குக் கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்த வடிவம் வேண்டும். முதன்முறை செய்பவர் அந்த வளைந்த வடிவத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. தட்டையான, பெருவிரல் பக்கம் சற்றே ஒருக்களித்த, லேஸ் வைத்த காலணியையே இங்கே விளக்குகிறேன். லேஸைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அச்சில் செய்த சிறு பிழைகளை லேஸ் பொறுத்துக்கொள்ளும், வெல்க்ரோ பொறுக்காது.

அளவெடுத்தல்

மாலையில், நாள் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கிய பிறகு அளவெடுக்க வேண்டும். இடக்காலையும் வலக்காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஒரு காலை மட்டும் அளந்தவர்கள் பின்னால் வருந்துவார்கள். காகிதத்தின்மேல் நின்றபடி ஒரு கோட்டுருவமும், உட்கார்ந்து பாரம் இல்லாமல் ஒரு கோட்டுருவமும் வரைந்துகொள்ளுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பிறகு நான்கு சுற்றளவுகள்: விரல்களின் அடிக்கணுக்களைச் சுற்றி, பாதவளைவின் நடுவில், புறங்காலின் மேட்டில், குதிகாலின் அடிநுனியிலிருந்து கணுக்காலின் முன்மடிப்பு வரை சாய்வாக. இவற்றுக்கு இஞ்சு டேப்பைவிட ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையே மேல். சுற்றிப் பிடித்து, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, எந்த இடம் என்று பட்டையிலேயே எழுதிவைத்துக்கொண்டால், பின்னர் அதே பட்டையை அச்சின்மேல் சுற்றி எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதை எண்ணே இல்லாமல் கண்ணால் பார்க்கலாம்.

அச்சு

செருப்புத் தொழிலில் அச்சு என்பது காலின் நகல் அன்று. பாறையேற்றக் காலணியில் இது இன்னும் கண்டிப்பாக உண்மை. ஓய்வாக நீட்டிய பாதத்தின் வடிவில் அச்சு செய்தால், அணிய இதமான, ஏறுவதற்கு உதவாத காலணிதான் கிடைக்கும். சிறு விளிம்பில் நிற்கும்போது பெருவிரல் சற்று மடங்கி, அதன் கணு மேலெழும்பி, பாதம் குறுகுகிறது. அந்தக் கணத்துப் பாதத்தைத்தான் பிடிக்க வேண்டும். காலுக்கும் காலணிக்கும் நடுவே எங்கெல்லாம் வெற்றிடம் இருக்கிறதோ அங்கெல்லாம் பாரம் ஏறும்போது காலணி மடிந்து நழுவும். இறுக்கம் என்று நாம் தேடுவது உண்மையில் இந்த வெற்றிடமின்மையைத்தான். வலியை அல்ல.

மருந்துக் கடையில் கிடைக்கும் மாவுக்கட்டுத் துணியே வார்ப்புக்குப் போதும். காலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் சுற்றி, கணுக்காலின் முன்புறத்திலிருந்து பெருவிரல் அடி வரை ஒரு பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் படுக்க வையுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் குழாய் இதற்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். ஒரு பலகையில் 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மரச்சட்டத்தை ஆணியடித்து, அதன்மேல் பெருவிரல் நுனியை ஊன்றி, கணுவைச் சற்று உயர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதி பாரத்தைக் காலில் வைக்க வேண்டும். இந்த நிலையில் நீங்களே துணியைச் சுற்ற முடியாது. வீட்டில் ஒருவரின் உதவி தேவை. நனைத்த துணியை மூன்று நான்கு அடுக்காக, விரல்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் அழுத்தித் தடவிச் சுற்றியபின் பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கட்டு கெட்டிப்படும்போது சூடாகும். அதற்காகப் பதறிக் காலை இழுத்துவிடக் கூடாது. குழாயின்மேல் பிளேடால் கீறினால் தோலில் படாமல் கட்டு பிளக்கும்.

கூட்டை மீண்டும் மூடி, வெளியே ஓர் அடுக்குத் துணி ஒட்டி, உட்புறம் சோப்புத் தண்ணீர் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி நிரப்ப வேண்டும். இப்படிக் கிடைப்பது கால். இனிமேல்தான் அதை அச்சாக்க வேண்டும். அரமும் உப்புத்தாளும் கொண்டு இழைத்தும், தேவையான இடத்தில் பிளாஸ்டரை அப்பியும் நான் செய்யும் திருத்தங்கள் இவை. உள்துணி இல்லாத தோல் அகலவாக்கில் நன்றாகவே இளகும் என்பதால் அடிக்கணுச் சுற்றளவில் 6 மில்லிமீட்டரைக் குறைப்பேன். மைக்ரோஃபைபர் போன்ற செயற்கைப் பொருள் என்றால் 3 போதும். குறைப்பதைப் பக்கவாட்டிலும் அடியிலும் பகிர்ந்து குறைக்க வேண்டும். மேலிருந்து இழைத்தால் விரல் கணுக்கள் நசுங்கும். மாறாக, பெருவிரல் கணுவின்மேல் 2 மில்லிமீட்டர் அப்பி உயர்த்துவேன், ஏனெனில் காலணியின் உள்ளே மிகுதியாக உரசப்படும் புள்ளி அதுதான். பாதவளைவை ஆழமாக்கி, குதிகாலின் இருபுறமும் குடைந்து, குதி எலும்புக்கு மேலே உள்ள ஒடுக்கத்தைச் சற்றுக் கூர்மையாக்க வேண்டும். ஆனால் குதிநாண் செல்லும் நடுக்கோட்டைத் தொடக் கூடாது. கடைசியாக, பெருவிரல் பக்கத்து அடிவிளிம்பைக் கத்திமுனைபோல் தெளிவாக எடுக்க வேண்டும். மனிதக் காலில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. பாறை கேட்பதோ அந்த விளிம்பைத்தான்.

பிளாஸ்டர் அச்சு சுத்தியல் அடியைத் தாங்காது. என் முதல் அச்சு, ரப்பரை இழுத்து ஒட்டி முடித்த அதே இரவில், கணுக்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்தது. ஆகவே திருத்திய பிளாஸ்டர் வடிவத்தை ஸ்கேன் செய்து 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்வது இப்போது என் வழக்கம். பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். பசையைச் சூடேற்றும்போது அச்சு கோணிக்கொள்ளும். 80 டிகிரி வரை தாங்கும் பிஇடிஜியைக் கேட்டு வாங்குங்கள், சுவர்த்தடிமனையும் கூட்டிச் சொல்லுங்கள்.

அச்சைக் காலணிக்குள் நுழைப்பது எளிது, முடிந்தபின் வெளியே எடுப்பதுதான் பாடு. அதனால் புறங்கால் மேட்டை ஓர் ஆப்புபோல் தனித்துண்டாக அறுத்து, நீண்ட திருகாணியால் அச்சோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் திருகைக் கழற்றி ஆப்பை உருவினால் அச்சு தளர்ந்து வெளியே வரும். ரப்பர் ஒட்டும் முன் பொறுமையிழந்து ஆப்பை உருவியவர் கதை, ஆப்பசைத்த குரங்கின் கதைதான்.

வெட்டும் தையலும்

அச்சின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, நடுக்கோடு, வாய்க்கோடு, லேஸ் பகுதி, குதிகால் தையல் ஆகியவற்றை அதன்மேலேயே வரைந்து, கோடுகளின் வழியே கீறி உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்டினால் வெட்டுவடிவம் தயார். தட்டையாகப் படியாமல் முரண்டு பிடிக்கும் இடத்தில் சிறு வெட்டுக் கொடுக்கலாம். அடியில் அட்டை வைத்து மேல்தோலை இழுத்து ஒட்டும் முறையை விட, மேல்தோலையும் உள்ளடித் துண்டையும் காலுறைபோல் ஒன்றாகத் தைத்து அதனுள் அச்சைத் திணிக்கும் முறையே பாறையேற்றக் காலணிக்கு உகந்தது. பாதம் பாறையை உணர்வதற்கு அதுவே வழிவிடும். இந்த முறைக்கு அடியில் 4 மில்லிமீட்டர் தையல் இடம் விட்டால் போதும்.

தோல், சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் துண்டாகவே கிடைக்கும். 1.4 முதல் 1.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, குரோம் பதனிட்ட மாட்டுத்தோலைக் கேட்க வேண்டும். வாங்கும்முன் இரு கைகளாலும் எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள்: முதுகெலும்பு ஓடிய திசையில் தோல் குறைவாகவும், அதற்குக் குறுக்கே கூடுதலாகவும் நீளும். குறைவாக நீளும் திசை குதிகாலிலிருந்து விரல் நோக்கி ஓடுமாறு துண்டுகளை வெட்ட வேண்டும். இதை மாற்றி வெட்டினால் காலணி ஒரே மாதத்தில் நீளவாக்கில் வளர்ந்துவிடும். எந்த லேஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தையல் விளிம்புகளைக் கத்தியால் பாதித் தடிமனுக்குச் சீவி, பாலியெஸ்டர் நூலால் சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு தையல் வீதம் தைக்கலாம். தைப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இயந்திரம் இல்லாவிட்டால் வெட்டிய துண்டுகளைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட நேர்த்தியாக முடித்துத் தருவார். நல்ல தோலில் கைவைக்கும் முன் மலிவான ரெக்சினில் ஒரு முன்மாதிரி தைத்துக் காலில் போட்டுப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

நடுத்தட்டும் ரேண்டும்

தைத்த மேல்பகுதியை அச்சில் ஏற்றியபின், முன்பாதத்தின் அடியில் விறைப்பான ஃபைபர் அட்டையாலோ மெல்லிய பிளாஸ்டிக்காலோ நடுத்தட்டை ஒட்ட வேண்டும். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்து ஏறும். ஆகவே 1 மில்லிமீட்டர் தட்டுக்குப் பதில் 1.2 மில்லிமீட்டர் தட்டு வைத்தால் விறைப்பு கிட்டத்தட்ட 73 சதவீதம் கூடிவிடும். கடைக் காலணி ஒரே தடிமனோடு எல்லோருக்கும் வருகிறது. 50 கிலோ எடையுள்ளவரும் 80 கிலோ எடையுள்ளவரும் அதில் ஒரே மாதிரி நிற்க முடியாது. நான் 62 கிலோ. கருங்கல்லுக்கு 1 மில்லிமீட்டரை முன்பாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ரேண்ட், அதாவது காலணியைச் சுற்றிப் பக்கவாட்டில் ஒட்டப்படும் மெல்லிய ரப்பர் பட்டை. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இது தோலைக் காப்பதற்கு மட்டும் உள்ளது என்று பலர் எண்ணுகிறார்கள். குதி எலும்புக்கு மேலே பின்புறம் சுற்றி, இருபுறமும் பாதவளைவின் வழியே முன்பாதத்தின் அடிக்கு இழுத்து ஒட்டப்படும் பட்டை ஒரு கவண்வார்போல் வேலை செய்து, குதிகாலை முன்னோக்கித் தள்ளிப் பெருவிரலைக் காலணியின் நுனியில் நிறுத்துகிறது. எவ்வளவு இழுப்பது என்பதில்தான் சூட்சுமம். 10 சென்டிமீட்டர் தூரத்துக்கு 9.2 சென்டிமீட்டர் பட்டையை இழுத்து ஒட்டுவது என் கணக்கு. 8.5 வைத்துப் பார்த்தபோது நுனியில் நிற்பது அருமையாக இருந்தது. ஆனால் குதிநாண் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. இரு காலணிகளிலும் இழுவை ஒன்றாக இருக்க, இழுக்கும் முன் பட்டையில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒட்டியபின் கோடுகளின் இடைவெளியை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் குதிகால் பட்டை, பிறகு விரல் பகுதிப் பட்டை என்பதே வரிசை.

ரப்பரும் பசையும்

பாறையேற்றக் காலணிக்கென்றே ரப்பர் அடியை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர் பிரான்சின் பியேர் அலேன். 1930களில், ஃபோந்தேன்புளோவின் மணற்கல் உருண்டைகளில் ஏறுவதற்காகச் செய்தார். நீண்டகாலம் அந்த ரப்பர் கடினமாகவே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் கொண்டுவந்த ஃபீரே காலணியின் ஒட்டும் ரப்பர்தான் நிலைமையைத் தலைகீழாக்கியது. இந்த வகை ரப்பர் அழுத்தத்தில் பாறையின் படிகங்களுக்கிடையே மெல்லப் பாய்ந்து, திரும்பி வரத் தாமதிக்கிறது. பிடிப்பு அந்தத் தாமதத்தில் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் செருப்பு ரப்பரும், பழைய டயரும் பார்வைக்கு இதேபோல் கறுப்பாக இருந்தாலும் இந்தக் குணம் அவற்றுக்கு இல்லை. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இது. விப்ரம் நிறுவனத்தின் எக்ஸ்எஸ் எட்ஜ், எக்ஸ்எஸ் கிரிப் 2 போன்றவை தேய்ந்த அடியை மாற்றி மறுஅடி போடுவோருக்காகத் தகடாக விற்கப்படுகின்றன. முன்னது விளிம்புகளுக்கு ஏற்றது, பின்னது வழவழப்பான சரிவுகளுக்கு. 4 மில்லிமீட்டர் தகடு முதல் ஜோடிக்குச் சரியான நடுவழி.

ரப்பரை வெட்டும்போது கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே வெட்டினால் கத்தி சிக்காமல் வழுக்கிச் செல்லும். ஒட்டப்போகும் இரு பரப்புகளையும் 40ஆம் எண் உப்புத்தாளால், பளபளப்பு ஒரு புள்ளிகூட மிச்சமில்லாதபடி சுரண்ட வேண்டும். தூசியைத் தட்டி, ரப்பரைக் கரைப்பானால் துடைத்து, நியோபிரீன் பசையை, நம் ஊர்க் கடைமொழியில் சொல்யூஷனை, மெல்லிய பூச்சாக இருமுறை பூசி, ஒவ்வொரு முறையும் கையில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் இருபது நிமிடம், உலரவிட வேண்டும். சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்போ சிகரெட்டோ அருகில் இல்லாமல் இதைச் செய்யுங்கள். இந்தப் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீப்பிடிக்கவும் செய்யும்.

என் இரண்டாம் ஜோடியை ஓர் ஐப்பசி மாத அடைமழை மாலையில் ஒட்டினேன். பத்து நாளில் பெருவிரல் பக்கத்து அடி முழுவதுமாக உரிந்து வந்தது. கொண்டுபோய்க் காட்டியபோது, எனக்குத் தோல் சீவக் கற்றுக்கொடுத்த பெரியவர் உரிந்த பரப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஈரத்துல ஒட்டுனா சொல்யூஷன் சாம்பல் பூத்துரும் தம்பி, அப்புறம் என்ன அடிச்சாலும் பிடிக்காது” என்றார். பசையிலிருந்து கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பசையின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிபோல் படிந்து, இரு படலங்களும் ஒன்று கலப்பதைத் தடுத்துவிடுகிறது. மழைக்காலத்தில் ஒட்டியே ஆக வேண்டுமென்றால், உலர்ந்த பூச்சை வெந்நீர்ப் பதத்துக்குச் சூடான காற்றால் காயவைத்து, சூடு ஆறும்முன் இணைக்க வேண்டும். மற்ற நாட்களிலும் இந்தச் சூடேற்றல் பிணைப்பை வலுவாக்கும்.

அடி ரப்பரைப் பெருவிரல் நுனியில் முதலில் பதித்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, காற்று சிறைப்படாமல் அழுத்திக்கொண்டே குதிகால் பக்கம் வர வேண்டும். ஒருமுறை தொட்டால் பிடித்துக்கொள்ளும் பசை இது. நகர்த்திச் சரிசெய்யலாம் என்ற எண்ணமே வேண்டாம். சுத்தியலால் நெருக்கமாகத் தட்டியபின், பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, காலணி முழுவதும் இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டி ஒரு நாள் வையுங்கள். தொழிற்சாலையின் அழுத்தும் இயந்திரம் செய்வதை, அதிலும் பாதவளைவு போன்ற குழிவான இடங்களில், டியூப் வியக்கத்தக்க அளவுக்குச் செய்துவிடும்.

மறுநாள் விளிம்பைத் தேய்த்து முடிக்க வேண்டும். பெருவிரல் பக்கம் அடிக்கும் ரேண்டுக்கும் நடுவே தெளிவான செங்கோணம் இருக்கட்டும். அழகுக்காக வட்டமாக உருட்டிவிடாதீர்கள். ரப்பர் தூசி நுண்மையானது, முகக்கவசம் அவசியம்.

போட்டுப் பார்த்தல்

ஆப்பை உருவி அச்சை எடுத்ததும் பாறைக்கு ஓட வேண்டாம். வீட்டில் அதே 10 மில்லிமீட்டர் சட்டத்தின்மேல் பெருவிரலை ஊன்றி அரை நிமிடம் நில்லுங்கள். குதிகால் நழுவினால் புறங்கால் சுற்றளவு கூடிவிட்டது என்று பொருள். லேஸால் தீராவிட்டால் நாக்குப் பகுதியின் அடியில் மெல்லிய தோல் ஒன்றை ஒட்டலாம். குதிகாலைத் தரையில் அழுத்தும்போது ‘புஸ்’ என்று காற்று வெளியேறும் ஓசை கேட்டால், அங்கே வெற்றிடம் இருக்கிறது. உள்ளிருந்து அரை மில்லிமீட்டர் தோல்துண்டால் நிரப்ப வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, ஒரே புள்ளியில் ஊசி குத்துவதுபோல் வலித்தாலோ, அதைப் பழகிப்போகும் என்று சகித்துக்கொள்ளக் கூடாது: அச்சில் அந்த இடத்தில் சிறு தோல்துண்டை ஒட்டி, காலணியின் தோலை அங்கே மட்டும் ஈரமாக்கி, அச்சை மீண்டும் ஏற்றி இரண்டு நாள் விட்டால் அந்த இடம் மட்டும் இளகும். வளரும் பிள்ளைகளுக்கு இப்படி இறுக்கமான காலணி செய்து தருவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு விரல் நீட்டி நிற்கும் அச்சே போதும்.

முன்பக்க அடி தேய்ந்து ரேண்ட் தெரியும்வரை காத்திராமல், விளிம்பு மழுங்கியதுமே மறுஅடி போட்டுவிடுங்கள். ரேண்டில் ஓட்டை விழுந்தால் வேலை இரட்டிப்பாகும். அச்சைத் தூக்கி எறியக் கூடாது. ஒவ்வொரு ஜோடியிலும் கண்ட குறையை அந்த அச்சின்மேலேயே மார்க்கரால் எழுதிவைப்பேன். என் இடக்கால் அச்சில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன: சுண்டுவிரல் பக்கம் 1 மில்லிமீட்டர் கூட்டு, குதிகால் உட்புறம் இன்னும் குடை, மழையில் ஒட்டாதே.